அழித்துக் கொடுத்த புத்தகம்

என் தம்பி மனைவிக்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்தது நான்தான். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இப்போது தன் மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். வாத்தியாரும் அவள், மணி அடிப்பவளும் அவள், பெருக்கிக் கூட்டுகிற ஆயாவும் அவளே. முதலில் அந்தப் பெயரைக் கேட்டுக் கோபித்துக்கொண்டாள். பிறகு போனில் கூட, "அண்ணி, ஹெட்மாஸ்டர் பேசறேன்" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அவளைப் பற்றி எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றியும் எழுதவேண்டியிருக்கிறது. அது அவ்வளவு நன்றாக இருக்காது. பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

கீழே என் ஜெராக்ஸ் கடை. பிரிண்ட், ஸ்பைரல் பைண்டிங், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. கடைக்குப் பின்னால் உள்ள அறையில் நான் இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிள்ளை குட்டி கிடையாது. அதனாலேயே பிள்ளை வளர்ப்பில் எனக்குத் தெரியாத விஷயம் எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அங்கேதான் அவர்கள். பெரிய அறையில் என் கடையிலிருந்து கழித்துக்கட்டிய பழைய மேஜை, வேறு வேறு உயரத்தில் மூன்று நாற்காலிகள், தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். அதுதான் பள்ளிக்கூடம்.

தம்பிக்குப் பாலம் கட்டும் கம்பெனியில் வேலை. ஒரு பாலம் முடிந்தால் அடுத்த ஊர். மூத்தவன் இரண்டாம் வகுப்பு முடிப்பதற்குள் மூன்று பள்ளிக்கூடம் பார்த்துவிட்டான். ஒரு பள்ளியில் கழித்தல் இன்னும் ஆரம்பிக்கவில்லை, அடுத்த பள்ளியில் அது போன மாதமே முடிந்துவிட்டது. தம்பி கட்டிய பாலமெல்லாம் நன்றாகத்தான் நிற்கிறது, மகன் படிப்பில்தான் நடுவில் தூணைக் காணோம். "போதும்ங்க. இனிமே நீங்க ஊர் ஊரா போங்க, புள்ளைங்க படிப்பு என்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஹெட்மாஸ்டர் பிள்ளைகளோடு என் மாடிக்கு வந்துவிட்டாள். ஐந்து வருஷம் ஆகிறது. தம்பி பதினைந்து நாளைக்கு ஒருமுறை அழுக்கு மூட்டையோடு வருவான், தோய்த்த துணியோடு போவான்.

மூத்தவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. பெரியவன் என்போம். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் பத்து முறை எழுந்துவிடுவான், ஹெட்மாஸ்டர் பத்து முறை பிடித்து உட்கார வைக்கவேண்டும். கடைசிப் பெண்ணுக்கு ஆறு வயது. வாலு என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். மூன்று வயதில் நெஞ்சில் சளி கட்டி, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து பிழைத்து வந்தவள். அதனால் அவளை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை, அவளும் அதை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள். நடுவில் ஒருத்தி. பத்து வயது. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது, பூனை என்று பெயர். சந்தேகம் கேட்கமாட்டாள், சிணுங்கமாட்டாள், கொடுத்த பாடத்தை முடித்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாள். "பூனை மாதிரி புள்ளையா இருந்தா பத்து பெத்துக்கலாம்" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

ஒவ்வொரு வருஷமும் பழைய பாடம் முடிந்து புதுப் பாடம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மாதம் ஹெட்மாஸ்டருக்கு ஜுரம் வந்த மாதிரி இருக்கும். எந்தப் பாடத்திட்டம் எடுப்பது? அவளைப் போல வீட்டில் படிக்க வைக்கும் அம்மாக்களின் குழு ஒன்று போனில் உண்டு. ஒருத்தி ஆகா ஓகோ என்று புகழ்ந்ததை இன்னொருத்தி வாங்கிவிட்டு அழுதிருப்பாள். இலவசமாகக் கிடைக்கும் மாதிரிப் பக்கங்களையெல்லாம் ஹெட்மாஸ்டர் எனக்கு அனுப்பி வைப்பாள். நான் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடியேறுவேன், தரை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவோம். ஒன்றில் எல்லாமே கதை, கணக்கைக்கூட முயல்தான் போடும். ஒன்றில் எல்லாமே வீடியோ, அம்மா போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று எழுதாததுதான் பாக்கி. இன்னொன்றில் அம்மா காலையில் சொல்லவேண்டிய வசனத்தைக்கூட வரி வரியாக எழுதியிருந்தார்கள். "நான் என்ன நாடகமா போடறேன்?" என்று அதைத் தூக்கி ஒதுக்கினாள்.

"புத்தகம் நல்லதா கெட்டதாங்கறது இல்ல அண்ணி பிரச்சினை" என்பாள். "மூணு புள்ளைங்க, மூணு வயசு, மூணு புத்தகம். நான் ஒருத்திதானே? காலையில எனக்குக் கிடைக்கறது நாலு மணி நேரம். அதுல பெரியவனை உக்கார வைக்கவே ஒரு மணி நேரம் போயிடுது."

இதற்கு அவள் கண்டுபிடித்த வழிதான் சுவரில் தொங்கிய அட்டவணை. பெரியவனுக்கு நீலக் கட்டம், வாலுக்குச் சிவப்பு, பூனைக்குப் பச்சை. நீலத்திலும் சிவப்பிலும் பெரும்பாலும் 'அம்மாவுடன்' என்று இருக்கும். பச்சையில் 'தானே'. திங்கள் கணக்கு தானே. செவ்வாய் கணக்கு தானே. வெள்ளிக்கிழமை வரைக்கும் பூனைக்குக் கணக்கு தானேதான். மற்ற பாடங்களை மூவருக்கும் சேர்த்து வாசித்துக் காட்டிவிடுவாள், கணக்கை அப்படிச் சேர்க்க முடியாது. அழகாக டைப் செய்து கொடுத்தாள், நான் பெரிய தாளில் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுத்தேன். தண்ணீர் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது என்று பெருமையடித்துக்கொண்டதும் நான்தான்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. கணக்குக்கு மட்டும் ஒரு பழைய பயிற்சிப் புத்தக வரிசையை அவள் விடாப்பிடியாக வைத்திருந்தாள். அந்தப் பதிப்பு நின்றுபோய்விட்டது. புதுப் பதிப்பில் படம்தான் இருக்கிறது, கணக்கைக் காணோம் என்பது அவள் கட்சி. ஆகவே வகுப்புக்கு ஒரே ஒரு புத்தகம். "கொண்டா, எத்தனை காப்பி வேணும்னாலும் எடுத்துத் தரேன்" என்று நான் சொன்னதற்கு, "அடுத்தவங்க புத்தகத்தை முழுசா காப்பி எடுக்கறது திருட்டு அண்ணி" என்று முகத்திலடித்த மாதிரி சொல்லிவிட்டாள். வக்கீல் ஆபீஸில் இருந்த புத்தி. ஆகவே பெரியவன் பென்சிலால்தான் எழுதவேண்டும், பேனாவைத் தொட்டால் தொலைந்தான். அவள் திருத்துவதுகூடப் புத்தகத்தில் இல்லை. தப்பான கணக்குகளைத் தனி நோட்டில் குறித்துக்கொண்டு, வாயால் சொல்லி முடித்துவிடுவாள்.

இரண்டு வருஷம் கழித்து, விடுமுறையில், அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ரப்பரால் அழித்துப் பூனையிடம் கொடுப்பாள். ரப்பர் தூள் பறக்காமல் இருக்க மின்விசிறியை நிறுத்திவிட்டு, பழைய பெட்ஷீட்டை விரித்து, வேர்க்க விறுவிறுக்க நாள்கணக்கில் அழிப்போம். பாதிப் பக்கம் நான்தான் அழிப்பேன். பெரியவன் கனத்த கைக்காரன். மற்ற பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற எழுத்து லேசாகும், இவனுக்கோ அழுத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. "எழுதறானா ஏர் உழறானா?" என்று திட்டிக்கொண்டே தேய்ப்பேன்.

பூனை அந்தப் புத்தகங்களில் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்தால் உச்சி குளிர்ந்துவிடும். நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் கீழே இறங்கியதில்லை. புத்தகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு படிப்பாள், அது ஒன்றுதான் குறை. கண்ணில் ஏதாவது கோளாறாக இருக்குமோ என்று ஹெட்மாஸ்டர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். "கண்ணு என்னை விட நல்லா இருக்கு, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

போன வருஷம் ஒருநாள் ஹெட்மாஸ்டர் நோட்டைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடியே கடைக்கு இறங்கி வந்தாள். "அண்ணி, இந்தக் கூத்தைப் பாருங்க. பெரியவன் அன்னைக்கு ஏழெட்டு அம்பத்திநாலுன்னு போட்டிருந்தான். அதே பக்கம், அதே கணக்கு, இவளும் அம்பத்திநாலுன்னே போட்டிருக்கா!"

"அண்ணன் தங்கச்சி ஒத்துமையைப் பாரு, தப்பு பண்றதுல கூட விட்டுக் கொடுக்கல" என்றேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒரு வாரம் அதைக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அவள் கண்ணில் ஒரு பெட்டி பட்டது. பத்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரே பாடத்திட்டம், கணக்கு உட்பட எல்லாம் ஒரே பெட்டியில். இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் பாடம் நடத்தலாம். அவளுக்கு ஆசை, கூடவே தயக்கம். பூனைக்கு அது கொஞ்சம் பெரிய சட்டையாக இருக்குமோ என்று யோசித்தாள்.

"பூனைக்கு என்ன? தானா படிக்கிறவ. தூக்கிப் பெரியவன் பக்கத்துல உக்கார வை. உனக்கு ஒரு மணி நேரம் மிச்சம்" என்றேன். அந்த யோசனை என்னுடையது என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பெட்டியைத் திருப்பித் தர முடியாது. அதனால் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முதலில் ஒரு தேர்வு வைத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். எட்டுத் தாள். நல்ல தாளாகப் போட்டுப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பூனை ஜன்னலோரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வாலுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த ஹெட்மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. பூனை தாளைக் கொண்டுவந்து நீட்டியபோது நானும் அங்கேதான் இருந்தேன்.

முதல் பக்கத்தில் கூட்டல் எல்லாம் சரி. இரண்டாவது பக்கத்தில் ஏதேதோ எண்கள், வாய்க்கு வந்ததை எழுதிய மாதிரி. மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றும். நான்கிலிருந்து எட்டு வரை வெறும் தாள்.

ஹெட்மாஸ்டருக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணனோட சேர்ந்து உக்கார இஷ்டமில்லன்னா வாயைத் திறந்து சொல்லு. இது என்ன திமிரு? தொண்ணூத்தஞ்சு வாங்கறவளுக்கு இது தெரியாதா?"

பூனை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல புள்ளைக்கு என்னடி வந்துச்சு இன்னைக்கு?" என்று நானும் என் பங்குக்கு ஒரு வார்த்தை போட்டேன். அவள் மெதுவாக நகர்ந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

"மூணு வருஷ நோட்டை நம்பறதா, ஒருநாள் கோவத்துல எழுதினதை நம்பறதா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டாள். நோட்டைத்தான் நம்பவேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தோம். போனை எடுத்துப் பெட்டிக்கான விவரங்களை எழுத ஆரம்பித்தாள். விலாசம் வரைக்கும் எழுதியிருப்பாள். பூனை திரும்பி வந்து நின்றாள். ஒரு கையில் பெரியவனின் பழைய ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகம், இன்னொரு கையில் ரப்பர்.

"அம்மா, எனக்குப் பெட்டி வேணாம். அண்ணன் புத்தகமே போதும்."

அந்த மாதம் முழுக்க அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஹெட்மாஸ்டருக்கும் கோபம் கொஞ்சம் இறங்கிவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள். "சரி, உன் இஷ்டம். வழக்கம்போல இதையே படி" என்று மின்விசிறியை நிறுத்தினாள். பெட்ஷீட் விரிந்தது. நானும் உட்கார்ந்தேன். மீதிக் கோபத்தையெல்லாம் ரப்பரில் காட்டி அவள் தேய்த்துக்கொண்டிருக்க, பூனை பக்கத்தில் மண்டியிட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

"என்ன?"

"ரொம்ப அழுத்தி அழிக்காதம்மா."

"தாள் கிழியாதுடி. எத்தனை வருஷமா அழிக்கறேன்?"

"கிழியும்னு சொல்லல" என்றாள் பூனை. கொஞ்சம் தயங்கினாள். "பள்ளம் போயிடும்."

ஹெட்மாஸ்டரின் கை நின்றது. அவள் பூனையைப் பார்க்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள், ஜன்னலோரம் போய்ப் பூனையின் நாற்காலியில் உட்கார்ந்தாள், பூனை பிடிப்பது போலவே ஒருக்களித்துப் பிடித்தாள். நானும் எழுந்து போய் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். அழித்து முடித்த பக்கம்தான். ஒரு கரிக்கோடு கிடையாது. ஆனால் சாய்ந்த வெளிச்சத்தில் பெரியவன் எழுதிய ஒவ்வொரு எண்ணும் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. ஒரு விடை விடாமல் அத்தனையும் இருந்தது.

நான் ஜெராக்ஸ் கடைக்காரி. ஒரு தாளில் எழுதியது அடித்தாளில் பதிவதையும், காப்பி எடுத்தால் அது நிழலாகத் தெரிவதையும் நாள் முழுக்கப் பார்க்கிறவள்.

"எவ்வளவு நாளா?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டாள்.

"வாலு ஆஸ்பத்திரியில இருந்தப்போலேருந்து."

"என்கிட்ட ஏன்டா கேக்கல?"

"கேட்டேனேம்மா. அப்புறம்னு சொன்ன." அவள் குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். "மூணு தடவை கேட்டேன். அதுக்கப்புறம் அட்டவணையில தானேன்னு போட்டிருந்துச்சு."

பெரியவன் எப்போது வந்தானோ தெரியாது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஹெட்மாஸ்டர் அவன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமாடா?"

அவன் தங்கையைப் பார்த்தான். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. பூனை தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரியும்" என்றான். "லேசா எழுதினா அவளுக்குத் தெரிய மாட்டேங்குதும்மா. அதான் அழுத்தி எழுதினேன்."

ஏர் உழுகிறான் என்று வருஷக்கணக்கில் திட்டியவள் நான். உழுதது தங்கைக்காக என்று எனக்குத் தெரியாது. நாங்கள் இரண்டு பெரிய மனுஷிகள் தரையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு பாடத்திட்டம் தேடிக்கொண்டிருந்தோம். இரண்டு பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு பாடத்திட்டம் போட்டு நடத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஹெட்மாஸ்டர் அடிக்கவில்லை, கத்தவில்லை. சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள், எதையும் வைக்காமல் அணைத்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"புள்ளைங்கன்னா காப்பி அடிக்கத்தான் செய்யும், விடு" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் சொன்னது.

"அவ என்னை ஏமாத்தல அண்ணி" என்றாள். "ஏமாந்து போறதுதான் எனக்கு வசதியா இருந்துச்சு. அந்த அம்பத்திநாலு ஞாபகம் இருக்கா? அன்னைக்கே எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ தட்டிச்சு. பக்கத்துல உக்காந்து ஒரு கேள்வி கேட்டா போதும், தெரிஞ்சுடும். தெரிஞ்சுட்டா நேரம் ஒதுக்கணும். நேரத்துக்கு எங்க போறது? அதான் சிரிச்சுக்கிட்டே உங்ககிட்ட ஓடி வந்தேன். நீங்களும் சிரிச்சீங்க. சரி, ஒண்ணுமில்லன்னு நினைச்சுக்கிட்டேன்."

எனக்கு அன்றைக்கு ஒன்றுமே தட்டவில்லை. அதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்குமா, எனக்கு அவமானமாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டே, அவள் அணைத்த அடுப்பைப் பற்ற வைத்து டீக்குத் தண்ணீர் வைத்தேன்.

அன்று மாலை அவள் பூனையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, தேர்வு என்று சொல்லாமல், பேச்சோடு பேச்சாக ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். கூட்டல் வரும். கடன் வாங்கிக் கழிக்க வராது. வாய்ப்பாடு ஐந்து வரைக்கும், அதற்கு மேல் கேள்விப்பட்டது மட்டும். வகுத்தல் என்றால் என்னவென்றே தெரியாது. ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்குத் தயாராக இருந்த பிள்ளை மூன்றாம் வகுப்பின் பாதியில் நின்றிருந்தாள். எங்கே விட்டோமோ அங்கேயே நின்றிருந்தாள்.

"அம்மா தப்பு பண்ணிட்டேன்டா" என்றாள் ஹெட்மாஸ்டர்.

"பரவால்லம்மா" என்றாள் பூனை.

அந்தப் 'பரவால்ல'தான் அவளைப் போட்டு அறுத்தது. ஒரு தடவை அழுதிருந்தால், நீதானே வரவில்லை என்று ஒரு சண்டை போட்டிருந்தால் தேவலை என்று என்னிடம் சொன்னாள். பிள்ளை எதற்கும் பரவாயில்லை என்று சொல்லப் பழகியிருப்பதே நாங்கள் பழக்கியதுதான். அதைத்தானே சமர்த்து என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று நாள் ஹெட்மாஸ்டர் சரியாகச் சாப்பிடவில்லை. தம்பி வந்தவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நானும் காப்பி அடிச்சு பாஸ் பண்ணவன்தான். பாலம் நிக்கலையா?" என்றான். அவள் பார்த்த பார்வையில் துணி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டான்.

பெட்டி வாங்கும் யோசனையை விட்டுவிட்டாள். போன் குழுவில் எதுவும் கேட்கவில்லை. பூனைக்கு எந்தப் புத்தகம் என்று இந்த முறை பூனையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடினாள். கடைசியில் வாங்கியது, படம்தான் இருக்கிறது கணக்கு இல்லை என்று அவள் திட்டிக்கொண்டிருந்த அதே வரிசையின் புதுப் பதிப்பு. மூன்றாம் வகுப்பு. அந்த வீட்டில் பூனைக்கென்று வாங்கிய முதல் புதுப் புத்தகம் அதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட்டையில் பெரிதாக மூன்று என்று போட்டிருந்தது. வாலுக்கு எண் படிக்கத் தெரியும், பார்த்தால் ஊரைக் கூட்டிவிடுவாள். கடையில் வைத்து அட்டை போட்டு, மேலே பூனைப் படம் ஒன்று ஒட்டிக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

சுவர் அட்டவணையையும் எடுத்தாயிற்று. லேமினேஷன் போட்டதில் எழுதவும் முடியாது, அழிக்கவும் முடியாது. கடைக் கத்தியால் வெட்டித்தான் போட்டேன். புது அட்டவணையைக் கையால் எழுதினாள். பச்சைக் கட்டம் முதலில் வந்தது, 'அம்மாவுடன்' என்று. நீலக் கட்டங்கள் சிலவற்றில் 'தானே' வந்தது. "கொண்டா, லேமினேஷன் போட்டுத் தரேன்" என்றேன்.

"வேணாம் அண்ணி. மாத்த வேண்டி வரும்" என்றாள்.

புது வருஷப் பாடம் தொடங்கிய அன்று காலை, நோட்டு பைண்டிங் செய்து கொடுக்கிற சாக்கில் நானும் மாடிக்குப் போனேன். பூனை மேஜைமுன் உட்கார்ந்திருந்தாள். ஹெட்மாஸ்டர் அவளிடம் ஒரு பேனாவை நீட்டினாள்.

"இதுல எழுது."

பூனை வாங்கவில்லை. "அழிக்க முடியாதேம்மா. வாலுக்கு வேணுமே?"

"வாலுக்கு வேற வாங்கலாம். இது உன்னுது."

பூனை பேனாவை வாங்கிக்கொண்டாள். பெருக்கல் பக்கத்தைத் திறந்தாள். பழக்க தோஷம், புத்தகம் தானாக ஜன்னல் பக்கம் சாய்ந்தது. வெள்ளைத் தாள், வழவழப்பு, ஒரு கீறல் இல்லை. அவள் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்து, ஜன்னலுக்கும் பூனைக்கும் நடுவில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெளிச்சம் மறைந்தது. பூனை புத்தகத்தை மேஜையில் வைத்து எழுத ஆரம்பித்தாள். நான்கு கணக்கு எழுதியிருப்பாள், பேனா நின்றது.

"சரியாம்மா?" என்று கேட்டாள். மூன்று வருஷத்தில் அவள் கேட்ட முதல் சந்தேகம்.

நானும் குனிந்து பார்த்தேன். முதல் மூன்றும் சரி. நான்காவது, ஏழெட்டு அம்பத்திநாலு. பேனாவில், கொட்டை எழுத்தில், கொஞ்சமும் தடுமாற்றம் இல்லாமல் எழுதியிருந்தாள். எந்தக் கணக்கைச் சொல்லி ஒரு வாரம் கடையில் சிரித்தேனோ அதே கணக்கு. அதை அவள் உண்மை என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறாள். அன்று நாங்கள் சிரித்ததோடு சரி, யாரும் வேறு சொல்லிக் கொடுக்கவில்லை.

"மூணு சரி" என்றாள் ஹெட்மாஸ்டர். "இது தப்பு. ஆனா உன் தப்பு இல்ல. வா, எண்ணிப் பாக்கலாம்."

நான் கீழே ஓடிப்போய் ஒரு டப்பா ஜெம் கிளிப் எடுத்து வந்தேன். மேஜைமேல் வரிசைக்கு எட்டாக வைத்து இருவரும் எண்ணத் தொடங்கினார்கள். மூன்றாவது வரிசையில் இருக்கும்போது அடுத்த அறையிலிருந்து வாலு, "அம்மா, இந்த எழுத்து எப்படிம்மா?" என்று கத்தினாள்.

"அப்புறம்டா" என்றாள் ஹெட்மாஸ்டர்.

சொன்ன மாத்திரத்தில் அவள் கை கிளிப்போடு அப்படியே நின்றுவிட்டது. பூனை தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் அவள் என்னிடம் உதவி என்று எதையும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை.

"நீ எண்ணு" என்று சொல்லிவிட்டு, கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், நான் எழுந்து வாலுவிடம் போனேன்.